ஏசியைக் கழற்றிய மியூசியம்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் ஒரு பழைய வீட்டில் இயங்கும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றியது இது. பெயர் சொல்லப்போவதில்லை. நிர்வாக சபையில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள், சம்பளமில்லாமல் மாரடிக்கிறவர்கள், அவர்களைச் சந்தியில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே நடந்தது கிழக்குக் கரையில் பழம்பொருள் வைத்திருக்கிற எவருக்கும் உதவும். கரண்ட் செலவைக் குறைக்கத் தொடங்கிய வேலைதான் கடைசியில் பொருட்களையும் காப்பாற்றியது. இரண்டும் வேறு வேறு வேலை என்றுதான் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: பசுமை என்றால் கூரையில் சோலார், பாதுகாப்பு என்றால் ஏசி.

கட்டடம் ஒல்லாந்தர் காலப் பாணி. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர், உயரமான ஓட்டுக் கூரை, முன்னும் பின்னும் விறாந்தை. உட்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு இந்த வகைக் கட்டடம் பிடிபடும், அது ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் வீடாக இருந்தது. நான் சொல்வது அதற்குப் பக்கத்திலும் வைக்க முடியாத அளவு சின்னது. உள்ளே இருப்பவை: ஏடுகள், கோயில் திருவிழாக்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள், அவற்றின் நெகட்டிவ்கள், கரைவலைச் சாமான்கள், பித்தளை விளக்குகள், கொஞ்சம் நாணயங்கள், யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் தலைமுறைகளாகக் கிடந்த ஒரு இரும்புப் பீரங்கிக் குண்டு.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவர் நல்ல மனதோடு காசு அனுப்ப, காட்சி மண்டபத்துக்கு 24,000 பிடியூ ஏசி இரண்டு பூட்டினார்கள். குளிர் வெளியே போகக்கூடாது என்று விறாந்தைப் பக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். காலையில் போடுவது, பின்னேரம் மூடும்போது நிறுத்துவது. இரவு முழுக்க ஓட்ட யாரிடம் காசு இருக்கிறது? இரண்டும் முழுமூச்சில் ஓடினால் மணிக்குக் கிட்டத்தட்ட நாலு யூனிட்.

அடுத்த மாரியிலேயே பூஞ்சணம் வந்துவிட்டது. படச்சட்டங்களின் முதுகில், வெளிச்சுவரோடு ஒட்டித் தொங்கியவற்றில்தான் கூட. துடைத்தார்கள், திரும்ப வந்தது. ஏசி போதவில்லை, இன்னொன்று பூட்ட வேண்டும் என்று சபையில் பேச்சு எழுந்தது. காரணத்தை முதலில் கண்ணால் கண்டவர் காவலாளி ஐயாதான்: “தம்பி, பின்னேரம் ஏசியை நிப்பாட்டிப்போட்டுக் கூட்டுறதுக்குக் கதவைத் திறந்தா, கண்ணாடியெல்லாம் வேர்த்துக் கிடக்கு.” அவர் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார், துணி எடுத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் போயிருக்கிறார்கள்.

கணக்கு லேசானது. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம்மூரில் ஈரப்பதன் 80 சதவீதம் என்பது சாதாரணம், அப்படியென்றால் அந்தக் காற்றில் 24 கிராம் இருக்கிறது. இதே காற்று 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர் கக்கும். பகல் முழுக்க 22 பாகையில் ஊறிய கண்ணாடியும் சுவரும் படச்சட்டமும் அந்த நேரத்தில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த சோடாப் போத்தல்தான். தடித்த சுவர் சூடாக நேரம் எடுக்கும், ஆகவே ஈரம் பல மணிநேரம் நிற்கும். காலையில் ஏசி மறுபடி ஓடும், காற்று காயும், மாலையில் திரும்ப ஊறும். மரமும் ஓலையும் தினமும் இப்படி வீங்கிச் சுருங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாதி நேரம் ஓடும் ஏசியைவிட ஏசியே இல்லாத அறை மேல் என்று வெப்ப நாட்டு மியூசியங்களைப் பார்த்த பழம்பொருள் பாதுகாப்பு வேலைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு கோளாறும் இருந்தது. இயந்திரம் அறைக்கு அளவு கூடியது, கொஞ்ச நேரத்தில் கேட்ட குளிர் வந்துவிடும், கம்பிரசர் நின்றுவிடும், விசிறி மட்டும் சுற்றும், சுருளில் பிடித்த தண்ணீர் திரும்பவும் காற்றிலேயே கலந்துவிடும். குளிர் இருக்கும், ஈரம் போகாது.

சபையின் மனம் மாறியதற்கு என் கணக்கு காரணமில்லை, 2022தான் காரணம். அந்த மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம் வரைக்கும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏசி பெரும்பாலும் செத்துக் கிடந்தது. வியர்வை தாங்காமல் பலகைகளைக் கழற்றி ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். படங்கள் நாசமாகப் போகின்றன என்று பயந்துகொண்டிருந்த நேரத்தில் புதிதாகப் பூஞ்சணம் எதுவும் வரவில்லை. பங்குனி, சித்திரை மாரியைப் போல ஈரமான மாதங்கள் இல்லை என்பது உண்மைதான், அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் பார்த்தவர்களுக்கு யோசனை வந்துவிட்டது. அப்புறம் ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். பொருளாளர் பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் மூன்றாவது ஏசியைப் பற்றிப் பேசவில்லை.

கரண்டை மட்டும் பார்த்தால் போதாது. வெளியே வைத்த ஏசிப் பெட்டி கடலைப் பார்த்து நின்றது. உப்புக்காற்றில் அதன் அலுமினியத் தகடுகள் கையால் தொட்டாலே மாவாக உதிர்ந்தன, காஸ் ஒழுகி, திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். பரவலாகப் பாவிக்கும் ஆர்-410ஏ காஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் இரண்டு தொன் கார்பன் டையொக்சைட் விட்டதற்குச் சமம், அது ஏறக்குறைய 900 லீட்டர் பெற்றோல் எரித்த கணக்கு. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று குரல் கொடுத்த ஊர் இது. 2016இல் அது கைவிடப்பட்டது, 2025இல் அதே பக்கம் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல்லும் வைத்தாயிற்று. ஆனால் தன் வீட்டுப் பின்சுவரில் ஒழுகுகிற காஸைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தரக்கணக்கு யாருடையது?

மியூசியம் என்றால் 20 பாகை, 50 சதவீத ஈரப்பதன் என்று ஒரு எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களை வேல்ஸில் மனோட் சிலேற்றுக் கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், நிலையான சூழலில் அவை நன்றாக இருந்ததைக் கண்டார்கள், அங்கிருந்து வளர்ந்த யோசனை இது. குளிர் நாட்டுக் கட்டடத்துக்கும் குளிர் நாட்டு ஓவியத்துக்கும் பொருந்திய எண்ணை உலகம் முழுக்கச் சட்டமாக ஆக்கிவிட்டார்கள். அவர்களே இப்போது தளர்த்திக்கொண்டார்கள். 2014இல் பழம்பொருள் பாதுகாப்பாளர்களின் இரண்டு பெரிய சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து, உள்ளூர்க் காலநிலைக்கு ஏற்ற, எட்டக்கூடிய அளவுகளை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. பெரிய மியூசியங்களின் பிசோ பசுமை நெறிமுறை, 2023இல் புதுப்பித்தபடி, பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 பாகை, 40 முதல் 60 சதவீதம் என்கிறது. 2022இல் பிராக் நகரில் சர்வதேச மியூசிய சபையான ஐகொம் ஏற்றுக்கொண்ட மியூசிய வரைவிலக்கணத்திலேயே நிலைபேறு என்ற சொல் ஏறிவிட்டது.

அந்த 25 பாகையும் நமக்கு எட்டாது, எட்டவும் தேவையில்லை. எங்களுக்கு உதவியது அமெரிக்கப் பொறியியலாளர்களின் ஆஷ்ரே கைநூலில் உள்ள மிகத் தாழ்ந்த வகுப்பு: ஈரப்பதனை 75க்குக் கீழே வைத்திரு, அவ்வளவுதான். பூஞ்சணத்தைத் தடுக்க அது போதும். 75ஐத் தாண்டினால் வாரக்கணக்கிலும் 90ஐத் தாண்டினால் நாட்கணக்கிலும் அது முளைக்கும். சூடு கூடினால் கடதாசியும் படமும் வேகமாகக் கெடும் என்பது உண்மை, ஐந்து பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்று தோராயமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நன்மை வேண்டிய பொருள் சேகரிப்பில் எத்தனை? பித்தளை விளக்குக்கும் மிதப்புக் கட்டைக்கும் எதற்கு 22 பாகை?

என்ன செய்தார்கள்

முதல் வேலை தண்ணீர். மாரி மழை ஓட்டிலிருந்து நேரே சுவரடியில் விழுந்துகொண்டிருந்தது, பீலி துருப்பிடித்துப் பல இடங்களில் ஓட்டை. அதற்கு மேல், சில வருடங்களுக்கு முன் யாரோ சுவரின் கீழ்ப்பகுதிக்குச் சீமெந்து பூசி, மேலே பளபளப்பான பெயின்றும் அடித்திருந்தார்கள். முருகைக்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே மூச்சுவிட வைக்கும், சீமெந்து அந்த மூச்சை அடைத்துவிடும். ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, உப்புப் பூத்து, மண்டபத்துக்குள் கசிந்தது. அதாவது ஏசி இத்தனை காலமும் உலர்த்திக்கொண்டிருந்தது பாதிக்குப் பாதி சுவரிலிருந்து வந்த மழைத்தண்ணீரை. பீலி மாற்றினார்கள், சுவரடியில் வாய்க்கால் வெட்டினார்கள், சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் கிடைப்பதுதான் பெரும்பாடு. கடைசியில் கிடைத்தவர் வயதானவர், நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் ஊறப்போடாமல் தொடவே மாட்டேன் என்றார், அவசரப்படுத்தியவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தை கடந்து தொடங்கியதால் கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள் முழுவதும் சுவர் காய்வதற்குக் கிடைத்தது. ஐப்பசியில் தொடங்கியிருந்தால் எல்லாம் வீண்.

என் பார்வையில் இந்த முழுத் திட்டத்தில் மிக லாபமான செலவு அந்தப் பீலிதான். ஆனால் பீலிக்கு யாரும் நன்கொடை தரமாட்டார்கள், பெயர்ப்பலகை எங்கே வைப்பது? ஏசிக்குக் கீழே பித்தளையில் பெயர் பொறித்திருந்தது. அதைக் கழற்றிய நாளில் லண்டனிலிருந்து போன் வந்தது. பிறகு அதை உள்ளறை வாசலுக்கு மாற்றிச் சமாதானமானார்கள்.

இரண்டாவது, பொருட்களைப் பிரித்தது. ஏடு, படம், துணி இவற்றை மட்டும் வெளிச்சுவர் எதுவும் இல்லாத ஒரு சின்ன உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டி, ஓட்டுக்குக் கீழே தட்டு, உள்ளே காற்றின் ஈரத்தை எடுக்கும் ஒரு டீஹியூமிடிஃபயர், 60 சதவீதத்தில் தானாக நிற்கும்படி. அது ஓடும்போது 300 முதல் 500 வாட் வரை இழுக்கும், அறை சின்னது, அடைத்தது என்பதால் பெரும்பாலான நேரம் நின்றுவிடும். அறை வெளியைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும், அதுவும் ஈரப்பதனைத் தாழ்த்தத்தான் உதவுகிறது: மேலே சொன்ன 80 சதவீதக் காற்றை மூன்று பாகை சூடாக்கினாலே 68க்கு வந்துவிடும். பிரேசிலின் பெலெம் நகரில் எமீலியோ கோயெல்டி அருங்காட்சியகக் களஞ்சியத்தில் அமெரிக்காவின் கெட்டி பழம்பொருள் பாதுகாப்பு நிறுவனத்தார் செய்தது இதே வழிதான், குளிரூட்டாமல் காற்றோட்டத்தாலும் ஈரம் எடுப்பதாலும் பொருளைக் காப்பது. அமேசன் வாயில் சாத்தியமானது கொட்டியாறு வாயில் சாத்தியமில்லையா?

நெகட்டிவ்களுக்கு மட்டும் குளிர் தேவைப்பட்டது. அசற்றேற் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய நெகட்டிவ்கள் சூட்டில் வினாகிரி வாசம் அடித்துச் சுருளத் தொடங்கும், தொடங்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும். அதற்கு ஒரு மண்டபத்தைக் குளிராக்குவது அநியாயம். இரட்டைப் பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி, ஈரம் காட்டும் அட்டை ஒன்றையும் போட்டு, சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி. பக்கத்தில் யாரோ சாப்பாட்டுப் பெட்டி வைக்கப் பார்த்ததால் பூட்டும் போட்டாயிற்று.

மண்டபத்தில் ஏசி கழன்றது, ஜன்னல் திறந்தது, மின்விசிறிகள் வந்தன. இங்கேதான் காவலாளி ஐயாவின் வேலை பெரிதானது, ஏனென்றால் எப்போது திறப்பது என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை. குளிர்ந்த காலை நல்லது, அனல் பறக்கும் மத்தியானம் கெட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் காலை 26 பாகை, 90 சதவீதம் என்றால் காற்றில் 22 கிராம் தண்ணீர். கச்சான் வீசும் மத்தியானம் 35 பாகை, 50 சதவீதம் என்றால் 20 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. காற்று அனல்தான், ஆனால் காய்ந்த காற்று. அது தடித்த சுவர் வைத்த மண்டபத்துக்குள் வந்து 29 பாகைக்கு ஆறினால் ஈரப்பதன் சுமார் 70இல்தான் நிற்கும். ஆகவே உள்ளே ஒரு மானி, விறாந்தையில் ஒரு மானி, நடுவில் கதவில் ஒட்டிய ஒரு அட்டவணை. இரண்டு எண்ணையும் பார்த்து வெளியே கிராம் குறைவென்றால் திற, கூடவென்றால் மூடு. மாரியில் பெரும்பாலும் மூடிவைத்து உள்ளே விசிறியை ஓடவிட வேண்டும், சுவரோடு காற்று தேங்கி நிற்கக் கூடாது. படங்களையும் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்டை வைத்துத் தொங்கவிட்டார்கள். ஐயாவுக்கு இப்போது அட்டவணை தேவைப்படுவதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறார்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். “ஏசி இல்லாட்டி ஆர் வரப்போறாங்க?” என்று பொருளாளர் கேட்டது நியாயமான கேள்வி. வைகாசி, ஆனி மத்தியானங்களில் வருகிறவர்கள் வேகமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு விறாந்தைக்கு வந்துவிடுகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் காலையிலேயே வரச் சொல்கிறார்கள், அதற்கு வேறொரு காரணமும் உண்டு. சும்மா நிற்கிற ஒரு ஆள் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீராவி விடுகிறார், நாற்பது பேர் என்றால் இரண்டு லீட்டர். வகுப்பைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை விறாந்தையில் வலை பின்னப் பழக்கும் இடத்தில் இருத்தினால் மண்டபமும் தப்பும், மிஸ்மாரின் தொண்டையும் தப்பும்.

ஈயக் குண்டு சொன்ன பாடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரைவலையின் ஈயக் குண்டுகளைப் மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் புதிதாகச் செய்த கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சில மாதங்களில் குண்டுகளின் மேல் வெள்ளை மா. முதலில் கடல் உப்பு என்றார்கள், பிறகு சுண்ணாம்புத் தூசு என்றார்கள். கிட்டப் பார்த்தால், தூரிகையால் தட்ட ஈயமே செதிலாக உரிந்து வந்தது. அழுத்திச் செய்த பலகையும் அதன் பசையும் அசற்றிக் அமிலமும் ஃபோர்மிக் அமிலமும் ஆவியாக விடும், மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தைத் தின்று வெள்ளைக் காபனேற்றாக மாற்றும். சூடும் ஈரமும் கூடினால் இன்னும் வேகம்.

தீர்வு மலிவாக வந்தது. டவுனில் மூடப்பட்ட ஒரு நகைக்கடையின் பழைய இரும்பு, கண்ணாடி ஷோகேஸ்களை வாங்கிக் கழுவிப் பூட்டினார்கள். புதுப் பலகை இல்லை, புதுப் பெயின்ற் இல்லை, பழைய சாமான் குப்பைக்குப் போகவும் இல்லை. மறுபாவனை என்று அறிக்கைகளில் எழுதுவதை நான் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் இங்கே அது பொருளுக்கும் பாதுகாப்பானது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் அடித்துக் கிழித்துக்கொண்டிருந்த பிளெக்ஸ் பானர்களும் நின்றன, ஊரில் இன்னும் போர்ட் எழுதுகிற ஒருவர் இருக்கிறார், துணியிலும் தகரத்திலும் அவரே எழுதுகிறார். சுவர் விளக்குகள் 50 வாட் ஹலோஜன், அவை 7 வாட் எல்ஈடி ஆகின. ஏடு, துணி, படம் இருக்கும் இடத்தில் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழாது.

பீரங்கிக் குண்டு மட்டும் மசியவில்லை. உப்பு ஏறிய இரும்பு நம்மூர் ஈரப்பதனில் எந்த அறையில் வைத்தாலும் துருவை உதிர்க்கும், உப்பை எடுக்காமல் கதை முடியாது. சோடியம் ஐதரொட்சைட் கரைசலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, கரைசலை மாற்றி மாற்றி, வெளியே வரும் குளோரைட்டைச் சில்வர் நைத்திரேற்றால் சோதிக்க வேண்டும். இதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும், கிணறு உவர். புதுப் பீலியில் ஒரு தாங்கியை இணைத்து, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைச் சேமித்தார்கள். ஆரம்பக் கழுவல்களுக்கெல்லாம் மழைத்தண்ணீர், கடைசிச் சுற்றுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர். குண்டு இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது.

சோலாருக்கு இப்போதுதான் வந்திருக்கிறார்கள், அந்த ஒழுங்கு எனக்குச் சரியாகப் படுகிறது. 2016இல் அரசின் கூரைச் சோலார் திட்டமான சூரியபல சங்கிராமய வந்ததிலிருந்து கூரைச் சோலாருக்கு ஆள் பிடிப்பவர்கள் மியூசிய வாசலுக்கும் வந்து போனார்கள், ஏசி ஓடிய காலத்து பில்லைப் பார்த்துப் பெரிய கணக்குச் சொன்னார்கள். இப்போதுள்ள பாவனைக்கு அதில் ஒரு துண்டு போதும். பழைய ஓட்டுக் கூரையில் பாரம் ஏற்றாமல், பின்னால் உள்ள மலசலகூடக் கொங்கிறீற் தட்டில் வைத்துவிடலாம்.

மிச்சமிருப்பது ஒரு கடிதப் போர். வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் சில பழைய கடல் வரைபடங்களை இரவலாகக் கேட்டதற்கு, 20 பாகை, 50 சதவீதம், இருபத்துநாலு மணிநேரமும் என்று நிபந்தனை வந்திருக்கிறது. மண்டபத்தை அப்படி வைக்க முடியாது, வைக்கவும் மாட்டோம் என்று எழுதி, 2014 அறிவிப்பையும் பிசோ நெறிமுறையையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். பதிலுக்குச் சொன்ன யோசனை, வரைபடம் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் 50 சதவீதத்தைப் பிடித்து வைப்பது. பெட்டியின் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ பதப்படுத்திய சிலிக்கா ஜெல், அதாவது ஈரத்தைப் பிடித்தும் விட்டும் சமன்செய்யும் மணிகள், என்பது பழைய கணக்கு, பெட்டி சின்னதென்பதால் சில கிலோவிலேயே முடிந்துவிடும், கரண்ட் ஒரு யூனிட்கூடத் தேவையில்லை. வெப்பநிலையை விட்டுக்கொடுப்பார்களா என்பதில்தான் இழுபறி.